காதுக்காரர் கேட்காத சத்தம்

இரவு பதினொன்றே முக்கால். பாலத்துக்கும் பழைய நூற்பாலைக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர் சாலை. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் ஆலையின் மதில். அதில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது... கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவை அணைத்து, மெதுவாக. ஓட்டுகிறவர் ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்.

கதவோரம் இருப்பவர் கொஞ்சம் சாத்துங்கள். நெருங்கி உட்காருங்கள், யாரும் யாரையும் கடிக்க மாட்டோம்.

அவர் என் அலுவலகத் தோழியின் தாய்மாமா. கார் மெக்கானிக். எல்லோரும் அவரைக் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முழ நீளத்தில் ஒரு ஸ்குரூடிரைவர் வைத்திருப்பார். ஓடுகிற இன்ஜின் மேல் அதன் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது, எல்லாம் சொல்லிவிடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கனம். தன் காதில் விழாத சத்தம் உலகத்திலேயே இல்லை என்று நினைப்பு. இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர் மேல் துளிகூட இரக்கம் கிடையாது.

அவரிடம் ஒரு தையல்காரம்மா வந்தார். பழைய சின்னக் கார். இடது பக்கம் திரும்பும்போது மட்டும் முன்சக்கரத்தில் சத்தம். டக்... டக்... நேராகப் போனால் ஒன்றுமில்லை. காதுக்காரர் என்ன செய்தார்? காரைப் பட்டறைக்குள் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்குரூடிரைவரை வைத்துக் கேட்டார். நிற்கிற வண்டி எங்கே திரும்பும்? ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா."

இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மா நின்று சொன்னார்.

"நான் முப்பது வருஷமா மெஷினோட பழகறவ. ஊசி ஒடையறதுக்கு முன்னாடியே சத்தம் மாறிடும், எனக்குத் தெரியும். ஒரு தடவ என்கூட வந்து உக்காருங்க. ரெண்டு கிலோமீட்டர் போதும்."

"நேரமில்லம்மா. வண்டிய சர்வீஸ் பண்ணியாச்சு, இனிமே உங்க காதத்தான் சர்வீஸ் பண்ணணும்."

பட்டறையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்களில் எத்தனை பேருக்கு இந்த மாதிரி பதில் கிடைத்திருக்கிறது, கை தூக்குங்கள். ம்... நினைத்தேன்.

மறுநாள் நூற்பாலை வளைவு. இடது வளைவு. முன்சக்கரம் மடிந்தது, கார் கால்வாயில் தலைகுப்புற விழுந்தது. அந்த அம்மாவை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. உயிர் இல்லை.

நசுங்கிய காரை இழுத்து இவர் பட்டறை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். இவர் குனிந்து பார்த்தார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட், நம் தோள்மூட்டு மாதிரி ஒரு குண்டும் குழியும், தேய்ந்து கழன்று தொங்கியது. ஒரே நாளில் தேய்ந்ததில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டார். அந்த அம்மாவின் கணவர் வந்து கேட்டார்.

"சத்தம் வருது, சத்தம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே?"

"நான் பாத்தேன் சார். சத்தமே இல்ல. வேகமாப் போயிருப்பாங்க."

செத்தவர் மேலேயே பழி. கணவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் அதை நம்பிவிட்டாரே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு மாலை காதுக்காரர் தன் காரில் வீட்டுக்குத் திரும்பினார். தெருமுனையில் இடது பக்கம் ஒடித்தார்.

டக்... டக்...

இறங்கினார். ஜாக்கி போட்டார். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மறுநாள் பால் ஜாயின்ட்டை மாற்றினார். டக்... டக்... பேரிங்கை மாற்றினார். சக்கரத்தையே மாற்றினார். வேறு காரில் போனார். அதிலும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. "வண்டி நல்லாத்தான் போவுது. உங்க காதத்தான் யார்ட்டயாவது காட்டணும்" என்றார் அவர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் மனுஷன் இடது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். இடது பக்கம் போக வேண்டுமா, மூன்று முறை வலது பக்கம் திரும்பிச் சுற்றிக்கொண்டு வருவார். சிரிக்காதீர்கள். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தார். சமையலறை இடது பக்கம். நடந்துதான் போனார்... செருப்புகூட இல்லை.

டக்... டக்...

பட்டறைக்கு வரும் எந்த வண்டியில் ஸ்குரூடிரைவரை வைத்தாலும் அதே சத்தம்தான் கேட்டது. எது பழுது என்று சொல்ல முடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். காதை வைத்துப் பிழைத்தவருக்குக் காது போனால் என்ன மிச்சம்? கடைசியில் வெட்கத்தை விட்டு, எதிர்ப்பட்டறைக்காரரிடம் போய் நின்றார்.

"ஒரு தடவ என்கூட வந்து உக்காருப்பா. ரெண்டு கிலோமீட்டர் போதும்."

எதிர்ப்பட்டறைக்காரர் காரைச் சுற்றி வந்தார். இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணே. எனக்கு நேரமில்ல" என்றார்.

அந்த இரவுதான் நூற்பாலைச் சாலை. அந்த வளைவிலேயே கேட்டு, இது என்னவென்று முடித்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறார். மதில் வந்தது. வளைவு வந்தது. இடது பக்கம் ஒடித்தார்.

சத்தமில்லை.

ஒன்றுமே இல்லை... இன்ஜின் சத்தம்கூட. கியரில் கை வைத்தால் அதிர்கிறது, ஆனால் காதில் விழவில்லை. நிறுத்தினார். காருக்குள் ஒரு வாசனை. தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயும் புதுத் துணியும் கலந்த வாசனை. இடது பக்க இருக்கையிலிருந்து, கோபமே இல்லாத குரலில், யாரோ கேட்டார்கள்.

"இப்ப கேக்குதா?"

காலையில் ஆலைக் காவலாளிதான் பார்த்தார். காரில் ஒரு கீறல் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காதுக்காரர் இடது பக்கம் சாய்ந்து, ஸ்குரூடிரைவரின் நுனியைக் காலி இருக்கையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடி "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பார்த்தார். இரண்டு காதும் அடியோடு போய்விட்டது என்றார். பின்னால் நின்று பாத்திரத்தைப் போட்டாலும் திரும்ப மாட்டார். ஆனால் வீட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அதில் ஸ்குரூடிரைவரை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ராத்திரி பகல் தெரியாமல். பால் ஜாயின்ட்டைக் கழற்றிப் போட்டதிலிருந்து அந்த வளைவு வரை நடந்ததை மட்டும் முதல் வாரத்தில் மனைவிக்கு எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை.

போன மாதம் என் தோழி பார்க்கப் போனாள். உடம்பு பாதியாகிவிட்டதாம். இவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாளில் 'மாமா, சாப்பிட வாங்க. அதைக் கீழே வையுங்க' என்று எழுதி மடியில் வைத்தாள்.

அவர் காதை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் ஓட, இன்னொரு கையால் அதன் கீழே எழுதினார்:

'எடுக்க முடியல. அந்தம்மா இன்னும் சொல்லி முடிக்கல.'