ரப்பருக்குப் போடும் எண்ணெய்

ரப்பர் நாடாவைக் கழுவாமல் எண்ணெய் போடக் கூடாது சார். நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். செஞ்சியில் இருந்துகொண்டு அப்படிச் செய்யலாமா? சோப்புத் தண்ணீரில் அலசி, மேலே ஒட்டியிருக்கும் பவுடர் போனதும் நிழலில் காயவைக்க வேண்டும். பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வளையமாக்கி, சிலிக்கான் எண்ணெயை விரல்நுனியில் தொட்டுத் தடவ வேண்டும். வடை சுடுகிற மாதிரி ஊற்றக் கூடாது. அந்த எண்ணெய்க்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. துடைத்தாலும் லேசில் போகாது.

ஆனந்தராஜ் அண்ணன் எப்படிச் செத்தார் என்றுதானே கேட்டீர்கள். அதற்கு இங்கிருந்துதான் வர வேண்டும்.

அவர் ஓவிய வாத்தியார். நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே பைத்தியம்: ரப்பர் முறுக்கில் பறக்கும் குட்டி விமானம். எடை மூன்று கிராம். யாராவது தும்மினால் திசை மாறிவிடும். எங்கள் மலைக்காற்றில் வெளியே விட்டால் பக்கத்து ஊர் வல்லத்தில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அதனால் ஆடி மாதம், கல்யாணம் இல்லாமல் சும்மா கிடக்கும் மண்டபத்தில் ஃபேன்களை நிறுத்திவிட்டுப் பறக்கவிடுவோம். விமானம் அவர் செய்வார், ரப்பர் நான் தயாரிப்பேன். நானும் விமானம் செய்து பார்த்திருக்கிறேன். இறங்குவதில் அவற்றை மிஞ்ச ஆள் கிடையாது.

போன ஜனவரியில் சென்னையில் போட்டி. அவர் விமானம் ஒன்பது நிமிடம் பறந்து முதல் பரிசு வாங்கியது. நடுவர் ரப்பரைப் பற்றி விசாரித்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் யார் வேணா முறுக்கலாம் சார்," என்றார். நான் பக்கத்தில் அவருடைய டிபன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தவறான தகவல், திருத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஆடி அமாவாசை அன்று மண்டபத்து வாட்ச்மேன் தங்கராசு மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் ஏறிவிட்டார். மண்டபத்தில் நாங்கள் இரண்டே பேர். கூரை தாழ்வு, எண்ணூறு சுற்று போதும் என்றார் அண்ணன். நான் ஆயிரத்து முந்நூறு சுற்றினேன். நல்ல ரப்பர், தாங்கியது. விமானம் ஏறிக்கொண்டே போய்க் கூரையின் இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதன் மூக்கில் சுற்றும் விசிறியும் சிக்கி நின்றுவிட்டது. தன் விமானம் அப்படித் தொங்குவதை அண்ணனால் ஒரு நிமிடம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

அலங்காரக்காரர்களின் அலுமினிய ஏணி ஒன்று அங்கே இருந்தது. அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதன் மேல் நான்கு படிகளையும் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் தடவி வைத்திருந்தேன். விரல்நுனியால்தான்.

"இளவரசா, கெட்டியாப் புடிச்சுக்கோ. ஆடுனா எனக்குத் தலை சுத்தும்," என்றார்.

பிடித்துக்கொண்டேன். ஏணி கடைசிவரை ஆடவே இல்லை சார். மேலே போய்க் கையை நீட்டி விமானத்தை விடுவித்தார். அப்போதுதான் கால் வழுக்கியது. அவர் சீக்கிரம் வந்துவிட்டார். விமானம் வட்டமடித்து மெதுவாக வந்தது. எனக்கு இருப்பது இரண்டு கை. விமானத்தைப் பிடித்தேன்.

மணமேடை விளிம்பில் அவர் தலை பட்டிருந்தது. முனகிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி சுமலதா அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசில நீயாவது கூட இருந்தியேப்பா," என்று அழுதார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லத் தாமதமானதற்குக் காரணம் வேறு. கையிலிருந்த விமானத்தின் ரப்பரில் இன்னும் முறுக்கு மிச்சம் இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை, பறக்கவிட்டேன். அண்ணன் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் இருபது விநாடி. என் கையிலிருந்து கிளம்பிய எதுவும் அதுவரை அவ்வளவு நேரம் பறந்ததில்லை.