தமக்கான பீப்பாயைத் தாமே உடைக்கச் சொன்ன டைம் கீப்பர் மதார் சாகிப் அவர்களுக்கு

தண்டையார்பேட்டை கீழைக்கரை டிரம் ஒர்க்ஸ் தொழிலாளர் அனைவரும், 1955 அக்டோபர் 31 திங்கட்கிழமை, மாலைச் சங்குக்குப் பின் வாசித்தளித்தது.

காலம் காத்த காவலரே! கடமை மறவாக் கண்ணியரே! ராயபுரம் ஈன்ற ரத்தினமே! எண்ணூர் ரயிலும் மீஞ்சூர் ரயிலும் தாமதமாக வந்தாலும் தாம் ஒரு நாளும் தாமதமாக வந்தறியாத தகைமையாளரே! இருநூற்றுப் பதினோரு பித்தளை வில்லைகளின் எண்களையும், அவற்றுக்கு உரியவர்களின் இனிஷியல்களையும், அவர்கள் சொல்லும் சாக்குகளையும் மனப்பாடமாய் வைத்திருக்கும் மாண்பினரே! எங்கள் அன்பு சாயபு அவர்களே! வணக்கம்.

செந்தமிழில் எழுத வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு இந்தப் பேனாவை ஸ்டோர் கிளார்க் வரதனாகிய என் கையில் திணித்தார்கள். எழுதுகிறேன். ஆனால் இந்த மடலில் ஒரு குற்றமும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டியிருக்கிறது. அதற்குச் செந்தமிழ் போதாது. ஆங்காங்கே நம் ஊர்ப் பேச்சு புகுந்தால் பொறுத்தருள்க.

நேரத்தின் நீதிபதியே!

முப்பத்தோராண்டுகள்! காலை ஏழரைச் சங்கு ஊதி ஓய்வதற்குள் வருகைப் பலகையில் தன் எண் வில்லையை மாட்டியவன் வேலைக்காரன், ஓய்ந்த பின் மாட்டியவன் அரைநாள் கூலியை இழந்தவன் என்ற தங்கள் தராசு ஒரு நாளாவது சாய்ந்ததுண்டா? மேனேஜரின் மைத்துனரையே கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்திய தாங்கள், மழைக்காலத்தில் சடையங்குப்பத்திலிருந்து உப்பங்கழித் தண்ணீரில் நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் வகுத்தீர்கள். இடுப்புவரை நனைந்து வந்தவனுக்கு லேட் கிடையாது. முழங்கால்வரை மட்டும் நனைந்தவனைத் திருப்பி அனுப்பினீர்கள். ரோட்டோரக் குழாயில் வேட்டியை நனைத்துக்கொண்டு வந்த நான்கு பேரை, உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று முகர்ந்து பார்த்தே பிடித்தீர்கள். அந்த நால்வரில் மூவர் இந்த மேடைக்கு முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

தங்களைத் திட்டாத வாய் இந்தத் தொழிற்சாலையில் இல்லை. தங்களிடம் பொய் சொல்லி ஜெயித்த வாயும் இல்லை.

பீப்பாயின் நாயகரே!

பீப்பாய் செய்யும் நம் தொழிற்சாலையின் வழக்கம் வெளியாருக்குத் தெரியாது. ஒருவர் ஓய்வு பெற ஓராண்டு இருக்கையில், கழிவுத் தகட்டில் ஒரு குட்டிப் பீப்பாய் செய்து, காசு நுழையும் அளவு ஒரு கீறல் மட்டும் விட்டு, வாயை வெல்டு வைத்து அடைத்து, அவர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கேட்டில் மாட்டுவோம். சம்பளத்துக்குச் சம்பளம் ஆளுக்கு நாலணா. விழா நாளில்தான் மேடையில் வைத்து உளியால் உடைப்போம். அதற்குமுன் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. உரியவர் அதைப் பார்த்தும் பாராதவர்போல் இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். பாவம் தாங்கள்! பீப்பாய் தொங்குவதோ கேட்டில், தங்கள் நாற்காலி இருப்பதும் கேட்டில். சம்பள நாள்தோறும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, முதுகாலேயே எங்கள் வில்லைகளைச் சரிபார்த்தீர்கள்.

தங்க மோதிரம் தங்கள் மார்க்கத்தில் ஆண்களுக்கு ஆகாது என்பதால் பீப்பாய்க் காசைக் கொண்டு வெள்ளியில் பெரிய கல் பதித்துச் செய்யலாம் என்று நாங்கள் தனியே கூடிப் பேசி, தட்டானிடம் சொல்லியும் வைத்திருந்தோம்.

இந்நிலையில்தான் சென்ற ஜூலை மாதம் வந்தது.

நம் வெல்டர் மாரியப்பனின் மகள் மங்கைக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் மனுப்போட்டு நூற்றுச் சொச்சம் பேரை மட்டுமே எடுத்த இடம்! கடற்கரைக் குப்பத்தில் மீன்கூடை சுமக்கும் கன்னியம்மா பெற்ற பெண்ணுக்குக் கிடைத்த இடம்! மாரியப்பன் பொட்டலம் பொட்டலமாய்ப் பூந்தி வாங்கிவந்து ஷெட்டு ஷெட்டாய்க் கொடுத்தான். நாங்களும் எங்கள் பெண்ணே டாக்டராகிவிட்டதுபோல் தின்றோம்.

சர்க்கார் உதவி இருந்தது. காலேஜுக்குக் கட்டும் சம்பளத்தில் பாதி தள்ளுபடி. புத்தகத்துக்கென்று ஒரு தொகை. ஆனால் அந்தத் தொகை ஆவணிக்கு மேல்தான் கைக்கு வருமாம். மீதிச் சம்பளம், முன்பணம், ஸ்பெஷல் பீஸ் எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாயை ஜூலை பதின்மூன்றாம் தேதி மூன்று மணிக்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். மாரியப்பனுக்கு மாதம் எழுபது ரூபாய். வீட்டில் அடகு வைக்கக் கூடையும் அரிவாள்மணையும் தவிர வேறொன்றுமில்லை. அவன் எங்கள் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை அவன் தங்களிடம் வந்து வெளியே போகப் பாஸ் கேட்டான். இதெல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"இன்னாத்துக்கு?" என்று கேட்டீர்கள்.

"மங்கைக்குக் காலேஜ் சீட்டு வாணாம்னு எழுதிக் குட்த்துட்டு வந்துர்றேன் சாயபு. வேற யாருக்குனா ஆவட்டும். யாராண்டையும் சொல்லிடாத. எல்லாருக்கும் பூந்தி குட்த்துட்டேன், மானம் பூடும்."

"யாராண்டையும் சொல்லல. ஆனா பாஸ் கெடையாது. போய் வேலையப் பாரு நைனா."

முப்பத்தோராண்டுகளில் தாங்கள் மறுத்த பாஸ்கள் எத்தனையோ! இந்த ஒரு பாஸைத் தாங்கள் மறுக்காதிருந்தால், ஐயா, மங்கையின் இடம் அன்று மத்தியானமே போயிருக்கும்.

அன்று மாலைச் சங்கு ஊதியதும் பீப்பாயைக் கொக்கியிலிருந்து தாங்களே கழற்றினீர்கள். எல்லோர் எதிரிலும், "இது எனக்குத்தானே சேக்கிறீங்க? எனக்கு இப்ப வேணும். ஒடைங்க" என்றீர்கள்.

காரணம் கேட்டோம். சொல்லவில்லை. மாரியப்பனுக்குக் கொடுத்த வாக்கு தங்கள் வாயைக் கட்டியிருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பீப்பாயை அடைத்தவனே திறக்க வேண்டும் என்பது வழக்கமாதலால் உளியோடு வந்தவன் மாரியப்பன். தன் மகளுக்காகத்தான் உடைக்கிறோம் என்று அறியாமலே அடித்தான். "இன்னா சாயபு, இன்னும் மூணு மாசம் கீதே, அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். தாங்கள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இங்கேதான் என் குற்றம். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "முப்பது வருசமா நம்ம நேரத்த எண்ணிக்கினு இருந்தாரு, இப்ப நம்ம துட்ட எண்ணப் போறாரு!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரல் என்னுடையது. இந்த மடலை எழுதும் இதே வரதனுடையது. தங்கள் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் என் பக்கம் திரும்பி, "வரதா, நாளைக்குக் கேட்டாண்ட எனக்குப் பதிலா லியாகத் அலி குந்துவான். டயத்துக்கு வாங்க எல்லாம்" என்று மட்டும் சொன்னீர்கள். முப்பத்தோராண்டுகளில் தாங்கள் எடுத்த முதல் லீவு அது. மறுநாள் பதினோரு பேர் தாமதமாக வந்தோம். சாயபு துட்டோடு எங்கேயோ போய்விட்டார் என்று ஷெட்டில் பேசிச் சிரித்தோம். வட்டிக்கடையா, குதிரைப் பந்தயமா என்று பந்தயமே கட்டினோம். என் நாக்கில் அன்று சனியன்தான் குடியிருந்தது, வேறென்ன சொல்ல!

பதினான்காம் தேதி காலை ஏழேகாலுக்குக் கன்னியம்மா மீன்கூடையோடு கேட்டுக்கு வந்தாள். அவள் சொன்னதைச் செந்தமிழாக்க என்னால் ஆகாது. அப்படியே தருகிறேன்.

"இன்னா மனுசங்கய்யா நீங்க! நேத்து இந்தப் பெரியவரு மூட்டையத் தோள்ல போட்டுக்கினு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. 'கெளம்பும்மா, பொண்ண இட்டுக்கினு வா'ன்றாரு. காலேஜாண்ட போனா, ஜன்னல்ல குந்தினு இருந்த ஆளு, இத்தினி சில்லறைய எண்ண எனக்கு டயம் இல்ல, நோட்டாக் கொண்டான்றாரு. மணி ரெண்டு! எந்தக் கடைக்கு ஓடறது? நான் அங்கியே தரையில முந்தானைய விரிச்சிப் போட்டேன். நெத்திலி கூறு கட்றாப்பல, கூறுக்கு நாலு நாலணாக் காசு, ஒரு ரூவா. நான் கூறு போடப் போட இவரு குனிஞ்சி குனிஞ்சி ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்குறாரு. ஜன்னல்காரரு கொஞ்ச நேரம் பாத்தாரு, அப்பறம் அவரே எறங்கி வந்து கூடக் குந்திக்கினாரு. ரசீது குடுக்கறப்ப மூணாவ பன்னண்டு நிமிசம். எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது. நீங்க இவரத் திருடன்னீங்களாமே? ஆரு சொன்னது? என் எதிர்ல சொல்லு பாப்போம்!"

நான் மூன்றாவது வரிசையில், மாரியப்பனுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏழரைச் சங்கு ஊதியது. ஒருவரும் நகரவில்லை. அன்று இருநூற்றுப் பதினோரு பேருக்கும் லேட் போட்டிருக்கலாம். தாங்கள் சங்கு ஊதுகிறவரைக் கூப்பிட்டு, "நாழி சரியில்ல, இன்னொரு தபா ஊது" என்றீர்கள்.

மாரியப்பன் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். "சாயபு, அது உன் மோதரத் துட்டாச்சே" என்று மட்டும் சொன்னான். "எனக்குக் குட்த்த துட்டு, நான் இன்னா வேணா பண்ணுவேன். பொண்ண லேட்டா மட்டும் அனுப்பாத" என்று தாங்கள் கையை உதறிக்கொண்டீர்கள். மிஞ்சிய காசில் அவளுக்கு வெள்ளைக் கோட்டும், படிப்பதற்கு எலும்புகளும் வாங்கினீர்கள். முன்னே படித்த ஒரு மாணவரிடம் பேரம்பேசி வாங்கிய அந்த எலும்புப் பெட்டியை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டதற்குத் தாங்கள் திறந்து காட்டியதையும், அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடியதையும் மங்கை சொல்லி நாங்கள் கேட்டோம்.

மாசற்ற மனத்தினரே!

தாங்கள் பெரிய பணக்காரரல்லர். கொடுத்தது தங்கள் சொத்துமல்ல. மாதக்கணக்காய் நாங்கள் தங்களுக்கென்று ஆசையாய்ச் சேர்த்த ஒரே மரியாதையை, யாருக்கென்று சொல்லாமல், பேராசைக்காரர் என்ற பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கொடுத்தீர்கள். பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நல்ல பெயரையே எடுத்துக் கொடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று தாங்கள் என்னிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. அதனால்தான் எழுத்தில், எல்லோர் முன்னும், கண்ணாடி போட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும்படி கேட்கிறேன்: மன்னியுங்கள், சாயபு.

இன்று தங்களுக்கு அணிவிக்க எங்களிடம் மோதிரம் இல்லை. அப்புறம் சேர்த்த நாலணாக்களையும் தாங்கள் தொட மறுத்து, அடுத்த ஜூலைக்கு வையுங்கள் என்றுவிட்டீர்கள். கம்பெனியார் ஒரு சுவர்க்கடிகாரம் தருகிறார்கள். முப்பத்தோராண்டுகள் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு மறுபடியும் கடிகாரமா என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம், பயனில்லை. எங்கள் பங்காக இந்த மடலையும், எங்கள் ஷெட்டிலேயே செய்த ஒரு தகட்டுப் பெட்டியையும் ஏற்றருள்க.

சர்க்கார் பணம் இன்னும் வந்தபாடில்லை. காகிதம் ஏதோ ஒரு மேஜையில் தூங்குகிறது. மங்கையின் அடுத்த ஆண்டுக் காலேஜ் சம்பளத்துக்கு நூற்றைம்பது ரூபாய் குறைகிறது. ஆனால் அது இனி மாரியப்பனின் கவலையும் அல்ல, தங்கள் கவலையும் அல்ல. இருநூற்றுப் பதினோரு பேரின் கவலை. சங்கத்தில் இரண்டு மணிநேரம் சண்டைபோட்டுத்தான் முடிவு செய்தோம்; சண்டையில்லாமல் நாம் எதைத்தான் செய்திருக்கிறோம்!

எல்லாம் வல்ல ஆண்டவன் தங்களுக்கும், தங்கள் துணைவியாருக்கும், மக்களுக்கும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற நிம்மதியும் அருள்வானாக! கேட்டை ஒட்டிய பெயிண்ட் ஷெட்டின் புகையை முப்பத்தோராண்டு குடித்த தங்கள் நெஞ்சு இருமுவதை நாங்கள் அறிவோம். அவள் படித்து முடிக்க இன்னும் ஐந்தாண்டுகளுக்கு மேலாகும். அதுவரை தாங்கள் இருந்தே ஆகவேண்டும். இதில் எந்தச் சாக்கும் செல்லாது.

நிறைவாக ஒன்று. இந்த விழாவில் மங்கை தங்களுக்கு மாலையிட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் விரும்பினோம். அவளும் அழுது கேட்டாள். தாங்கள்தான் ஒரே பிடியாய்க் கூடாது என்றீர்கள். இப்போது மணி நாலேகால், சாயபு. மங்கை வகுப்பில் இருக்கிறாள்.

தங்கள் கேட்டுக்குள் இத்தனை ஆண்டும் ஓடி ஓடி நுழைந்த
கீழைக்கரை டிரம் ஒர்க்ஸ் தொழிலாளர்கள்