ஆறாம் நம்பர் கல்

விடியற்காலை மூன்றரை மணி. பெரியபாளையம் தாண்டி ஊத்துக்கோட்டை போகிற ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம்... நடுவில் ஒரே ஒரு ஜீப். எதிரே வண்டி கிடையாது, பின்னாலும் கிடையாது. உள்ளே டிரைவர் மட்டும்தான். ஆனால் பின்சீட்டு ஸ்பிரிங் 'கிறீச்... கிறீச்' என்று முனகிக்கொண்டே வருகிறது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் முனகுகிற ஸ்பிரிங் அது.

கோபால், பீடியை அப்புறம் பற்ற வைத்துக்கொள். கரண்டு எப்படியும் ஷிப்டு முடிகிறவரை வரப்போவதில்லை. கிட்டே வந்து உட்கார்.

அந்த டிரைவர் பெயர் தேசப்பன். நம் கலியனுக்குப் பெரியப்பா. பொன்னேரியில் ஒரு ரைஸ்மில்லில் ஜீப் ஓட்டினான். கலியன் இதோ உட்கார்ந்திருக்கிறான், நான் சொல்வது பொய்யென்றால் சொல்லட்டும். சொல்லமாட்டான். குடும்ப மானமாம். மானம் பெரிதென்று நினைத்திருந்தால் அந்த ஆள் அந்தக் காரியத்தைச் செய்திருக்கவே மாட்டான்.

எழுபத்தொன்றாம் வருஷம். அதே மில்லில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவள் முத்தம்மா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே பெண், ஆறு வயசு, பெயர் சின்னப்பொண்ணு. ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரி, மந்திரம், நாட்டு மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் முத்தம்மா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாள்.

"எம்பொண்ணு கால ஊணி நடக்கணும் பெருமாளே. எங்க ஊட்டு வாசல்லேர்ந்து உம் மலை வரைக்கும் நடந்தே வரேன். நடுவுல ஒரு எட்டு கூட உடமாட்டேன்."

வேண்டிக்கொண்டாள், சரி. லீவு யார் தருவார்கள்? ஞாயிறு ஒரு நாள்தான். குழந்தையை ராத்திரி விட்டுவிட்டுத் தங்கவும் முடியாது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தேசப்பன் ஞாயிறுதோறும் நெல் மூட்டை ஏற்றிவர நாகலாபுரம் பக்கம் போவான். அந்த ஜீப்பில் ஏறிப் போய், போன வாரம் நடையை நிறுத்தின இடத்தில் இறங்குவாள். அங்கிருந்து நடப்பாள். மூட்டையோடு திரும்பும்போது ஜீப் அவளை ஏற்றிக்கொள்ளும். நிறுத்துகிற இடத்து மைல்கல்லில் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு வருவாள். அடுத்த வாரம் அந்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் முதல் எட்டு.

மில்லில் ஒரே கிண்டல். "இன்னா முத்தம்மா, பெருமாளுக்கே தவணையா?" அவளும் சிரிப்பாள். "மொத்தமா குடுக்க நம்மகிட்ட இன்னாக்கா கீது?"

நாலு வாரம் இப்படியே போயிற்று. நாலாவது வாரம் அவள் மஞ்சள் வைத்த கல்லில் 'ஊத்துக்கோட்டை 6' என்று போட்டிருந்தது. ஆறு மைல். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். "ஆறாம் நம்பர் கல்லுண்ணா, மறந்துடாத" என்றாள்.

அந்த வாரம் பார்த்து ரோட்டுக்காரர்கள் மைல்கல்லையெல்லாம் பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது ஞாயிறு. ஐப்பசி மழை பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டிருந்தது. முத்தம்மா பின்சீட்டில் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். தண்டலம் தாண்டினதும் ஹெட்லைட் வெளிச்சத்தில் தேசப்பன் பார்த்தான். பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது பழைய கல். அதன்மேல் மஞ்சள்... அப்படியே இருந்தது. அவன் கால் பிரேக்குக்குப் போயிற்று. போன கால், அழுத்தாமல் திரும்பி வந்துவிட்டது.

ஏன் தெரியுமா? அன்றைக்கு ஊத்துக்கோட்டை வரை முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மழையில் ஆறு மைல் என்றால் நேரமாகும், ஜீப் காத்துக்கிடக்க வேண்டும். தேசப்பனுக்கு மத்தியானம் பொன்னேரியில் மாட்னி ஷோ. அவ்வளவுதான். ஒரு சினிமா.

இன்னும் இரண்டேகால் மைல் ஓட்டினான். புதுக் கல் வந்தது. அதிலும் 'ஊத்துக்கோட்டை 6'. இது கிலோமீட்டர். அங்கே நிறுத்தினான்.

"ஏந்திரிம்மே. உன் கல்லு வந்துச்சு."

கும்மிருட்டு. இறங்கிக் கல்லைத் தடவினாள். "ண்ணா, மஞ்சளக் காணோமே? இன்னாவோ பெயிண்டு வாசன அடிக்குது."

"புதுசா பெயிண்டு அடிச்சிகிறானுங்க. மஞ்சள் எங்க நிக்கும்? ஆறு போட்டுகீதா இல்லியா, நீயே பாரு."

விரலால் அந்த ஆறை எழுதிப் பார்த்தாள். நம்பினாள். கூடப் பிறந்தவனை நம்புகிற மாதிரி நம்பினாள், பாவி மகள். புது மஞ்சளை அப்பிவிட்டு நடந்தாள். தேசப்பன் நேரத்துக்குப் போய் சினிமா பார்த்தான்.

நாகலாபுரம் தாண்டினதும் ஜீப்புக்குப் பதில் பஸ், அதே மஞ்சள் கணக்குதான். மார்கழியில் மலை ஏறி, முடி கொடுத்துவிட்டு வீடு வந்தாள். அன்றைக்குச் சாயந்திரம் சின்னப்பொண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது! மில்லே ஓடிவந்து வாசலில் கூடிவிட்டது. தேசப்பனும் வந்தான். குழந்தை சுவரை விட்டுவிட்டு ஒரு எட்டு வைத்தது. இரண்டாவது எட்டுக்குக் காலைத் தூக்கியது... விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி காய்ச்சல் வந்தது, ஐந்தாம் நாள் உயிர் போயிற்று.

முத்தம்மா பெருமாளைத் திட்டவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மொட்டைத் தலையோடு தேசப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நடுவுல எங்கியோ எட்டு உட்டுட்டேன்ணா. இல்லாட்டி எழுப்பி நிக்க வச்சிட்டுப் புடுங்கிக்க மாட்டாரு. அந்த ஆறாம் நம்பர் கல்லு... மெய்யாலுமே என் கல்லுதானா?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "உன் கல்லுதாம்மே. சும்மா மனசப் போட்டுப் பேஜாரு பண்ணிக்காத" என்றான்.

"நாளைக்கு நேர்ல போய்ப் பாத்துட்றேன். உட்டது இருந்தா நடந்து முடிச்சிட்றேன். போன எடத்துலயாச்சும் எம்பொண்ணு நடக்கட்டும்."

பள்ளத்தில் அந்தக் கல் கிடக்கிறதே, மஞ்சளோடு! அன்றைக்கு ராத்திரியே தேசப்பன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் ஏரிக்கரையிலிருந்து உருட்டிவிட்டான். 'தொப்'பென்று ஒரு சத்தம். கையை முகர்ந்து பார்த்தான். பச்சை மஞ்சள் வாடை. தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

நாலாம் நாள் ரோட்டு வேலைக்காரர்கள் முத்தம்மாவைக் கண்டெடுத்தார்கள். தண்டலத்துக்கும் புதுக் கல்லுக்கும் நடுவில், பள்ளத்தோரம். உடம்பில் காயம் எதுவும் இல்லை. உள்ளங்கை இரண்டும் மட்டும் தோல் உரிந்து கிடந்தன. தரையைத் தடவித் தடவி... முந்தானையில் முடிந்த மஞ்சள் அவிழ்க்காமலே இருந்தது.

அடுத்த ஞாயிறு. தேசப்பன் ஜீப்பைக் கிளப்பினான். 'கிறீச்'. பின்சீட்டு. திரும்பிப் பார்த்தான், யாரும் இல்லை. பச்சை மஞ்சள் வாடை மட்டும். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். புது ஆறாம் நம்பர் கல்லில் அவனாகவே நிறுத்தினான்.

"எ... எறங்கும்மே. உன் கல்லு வந்துச்சு."

ஸ்பிரிங் அசையவில்லை. கனம் இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? வண்டியைத் திருப்பி, பழைய கல் கிடந்த இடத்தைத் தேடிப் போனான். எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி. எல்லா மரமும் ஒரே மாதிரி. இதுதான் இடம் என்று சொல்ல இருந்தது அந்தக் கல் ஒன்றுதான். அதைத்தான் இவன் ஏரியில் போட்டுவிட்டானே! ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்தி, "இங்கியா முத்தம்மா? இங்கியா?" என்று கேட்டான். விடிந்த பிறகுதான் ஸ்பிரிங் அடங்கியது.

ஒரு ஞாயிறு போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டான். மூன்று மணிக்குக் கட்டில் கயிறு 'கிறீச்' என்றது. கால்மாட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு போனான். அதிலிருந்து ஒரு வாரம் தவறினதில்லை. கோடையில் ஏரி வற்றினபோது சேற்றில் இறங்கிக் கல்லைத் தேடி எடுத்தும் விட்டான். எடுத்து என்ன? எங்கே நடுவது? அது ஜீப்பிலேயே கிடக்கிறது.

ஏழு வருஷம் ஆகிறது. போன ஐப்பசியில் பெரியப்பாவுக்குத் துணையாக நம் கலியன் ஒரு ஞாயிறு முன்சீட்டில் உட்கார்ந்து போனான். பேய் இருக்கிறதா பார்த்துவிடுகிறேன் என்றுதான் போனான். போய் வந்ததிலிருந்து இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், பாருங்கள்.

ஜீப்பைக் கிளப்பினதும் 'கிறீச்' என்றதாம். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு 'கிறீச்'. சின்னதாக.

தண்டலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் தேசப்பன் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். "இங்கியா முத்தம்மா?" என்று கேட்டான்.

மழை சொட்டுகிற சத்தம்தான். அப்புறம் பின்சீட்டிலிருந்து, தூக்கம் கலையாத ஒரு குழந்தைக் குரல்.

"யம்மா... எறங்கி நடக்கலாமா?"

"இல்லடி கண்ணு. நம்ம கல்லு இன்னும் வரல."