நாச்சப்பன் உருமாலை அவுத்த கதை

நம்மூருக்கு ரோடு, பஸ்ஸு ஒண்ணும் வராத காலமாம். கொழுஞ்சிப்பாளையத்துல நாச்சப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். எனக்குப் பாட்டனோட பாட்டன். நம்ம ஆளுங்கறதுக்காக மூடி மறைச்சுச் சொல்ல மாட்டேன். கேட்டதைச் சொல்றேன்.

மாட்டைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்லையாம். வேலியோரம் போற மாட்டோட நடையைப் பாத்தே எப்ப ஈனும்னு சொல்லிப்போடுவாராம். மாடு கட்டற கட்டுத்தரையிலயும் அவரு பேச்சுதான், வீட்டுக்குள்ளயும் அவரு பேச்சுதான்.

அவருக்கு ஒரு மருமக, தெய்வாத்தா. தாயில்லாதவ, அதனால பிரசவம் மாமனார் வீட்டுலயேதான். மொதப் புள்ளை பொறந்துச்சாம். நாச்சப்பன் சொன்னாராம், "மொதப்பாலு மஞ்சளா, பிசுபிசுன்னு இருக்குது. அது கெட்ட பாலு, பீச்சிக் கொட்டுங்க. புள்ளைக்கு நான் சக்கரைத் தண்ணி வெக்கறேன்." கைராசிக்காரர்னு, பொறந்த புள்ளை நாக்குல மொதல்ல வெக்க ஊரே அவரைத்தான் கூப்புடுமாம். வெச்சாரு. தாய்ப்பாலே தொடாத புள்ளை வயித்தால போயி, வத்தி, செத்துப்போச்சாம். அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்னுட்டாராம். சொல்றப்ப எனக்கே கூசுது.

மறு வருசம் அடுத்த புள்ளை. அதுக்கும் சக்கரைத் தண்ணி, பாலு பீச்சிக் கொட்டுனாங்களாம். தெய்வாத்தாளுக்கு மாரு கல்லாட்டம் கட்டிக்கிச்சாம். காய்ச்சல் வேற, ரத்தப்போக்கும் நிக்கலையாம். புள்ளை அழக்கூடத் தெம்பில்லாம முனகுச்சாம்.

அன்னைக்குப் பாத்து மயிலைப் பசு கன்னு போட்டுதாம். பண்ணையத்தாள் மாரன், வீட்டுக்குச் சீம்பால் காய்ச்சலாம்னு மொத்தத்தையும் கறந்துட்டானாம். வந்தாரு பாருங்க நாச்சப்பன்.

"ஏன்டா, கன்னை ஊட்ட உடாமயா கறந்த? மொதப்பாலு குடிக்காத கன்னு தேறுமாடா? அதுலதான்டா அதுக்கு உசுரே இருக்குது. கன்னு ஊட்டுனாத்தான் தாய்க்கும் நஞ்சுக்கொடி விழும், மடி கட்டாது. இப்படிக் கொல்லப் பாத்தியேடா."

கட்டுத்தரைச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் தெய்வாத்தா படுத்திருந்தாளாம். மாமனார் முன்னால வாயே தொறக்காதவ. அன்னைக்குக் கேட்டாளாம்.

"ஏனுங் மாமா, அப்ப எம் மொதப் புள்ளையைக் கொன்னது யாருங்?"

மாரன் சொம்போட தலையைக் குனிஞ்சுக்கிட்டானாம். நாச்சப்பன் நடுவீதியில வேட்டி அவுந்து நின்னவனாட்டம் கூசிப்போனாராம். உள்ள போக மூஞ்சியில்லை. தலையில கட்டியிருந்த உருமாலையை அவுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, செவுத்தைப் பாத்துச் சொன்னாராம்.

"குடு அம்மணி. புள்ளைக்கு உம் பாலைக் குடு."



புள்ளை மாருல வாய் வெச்சு ஊட்டுச்சாம். ஊட்ட ஊட்ட மாரு எளகுச்சாம், ரத்தம் கொறைஞ்சுதாம், காய்ச்சல் எறங்குச்சாம். ரெண்டு உசுரும் தப்பிச்சுது. அந்தப் புள்ளைதான் எங்க பாட்டன். நாச்சப்பன் மட்டும் அப்புறம் ஒரு வீட்டுக்கும் சக்கரைத் தண்ணி வெக்கப் போகலையாம். கூப்புட வந்தவங்ககிட்ட, "நான் ஒரு புள்ளையைக் கொன்னவன், நீங்க போங்க"ம்பாராம்.

அதுல இருந்துதான் நம்ம வம்சத்துல இந்த வழக்கம். புள்ளை பொறந்தா, வீட்டுப் பெரியவன் உருமாலையை அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கட்டுத்தரையில நிக்கோணும். புள்ளை மொதப்பாலு குடிச்சிருச்சுன்னு உள்ள இருந்து ஒரு பொம்பளை சொல்லோணும். அப்புறம்தான் திருப்பிக் கட்டலாம். மாட்டை வித்துப்போட்டவனும் வெறுங் கட்டுத்தரையில நிக்கறான். எம் பேரன் பொறந்தப்ப நானும் நின்னேன். தெய்வாத்தாளோட செத்துப்போன அந்த மொதப் புள்ளைக்குப் பேரு வெக்கக்கூட இல்லையாம். என்ன பேரு வெச்சிருப்பாங்கன்னு நெனைச்சுக்கிட்டே நின்னேன்.