டோக்கன் எண்ணும் பெயரும் போதும்

என் பெயர் நிலோஃபர், வயது 28, த/பெ அன்சார். பட்டுக்கோட்டையில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். ஒரத்தநாடு அருகே ஒரு தனியார் நெல் கொள்முதல் நிலையத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காவல் ஆய்வாளர் விசாரிக்க, நான் சொல்வதாவது:

நெல்லோடு வரும் விவசாயிகளில் அடுத்தது யார் முறை என்று காட்ட எங்கள் கொட்டகையில் ஒரு திரை உண்டு. அதற்கு டோக்கன் எண்ணும் பெயரும் போதும். ஆனால் மேலாளர் சந்தானகிருஷ்ணன் அதற்கான குவெரியில், அதாவது தகவலைக் கேட்டு கணினிக்குக் கொடுக்கும் கட்டளையில், செலக்ட் ஸ்டார் என்று எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதினால் டேட்டாபேஸில் அந்த விவசாயியைப் பற்றி இருக்கும் அத்தனையும் வந்துவிடும். வேண்டிய இரண்டை மட்டும் கேட்டு வாங்கலாம் சார் என்று பலமுறை சொன்னேன். "திரையில ரெண்டுதான தெரியுது, அப்புறம் என்ன? அறுவடை நேரத்துல ஓடுறதப் போயி நோண்டாதம்மா" என்றார். திரை சின்னது, மீதி அதில் அடங்கவில்லை, அவ்வளவுதான். நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அதன் பிறகு குறுவை நெல் வரத்து அதிகமாகி, பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னதால், நான் விடுப்பில் இருந்த நாளில் அகலமான டிவி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அதில் பெயரை அடுத்துக் கைபேசி எண்ணும், அதை அடுத்து வீட்டு விலாசமும் வந்து நின்றன. கணவர் துரைராசுவின் அடிக்குப் பயந்து திருவிடைமருதூரில் தனியாகக் குடியிருந்த சாவித்திரி, தன் பெயரிலுள்ள நிலத்து நெல்லை அன்று ஆள் மூலம் அனுப்பியிருந்தார். துரைராசுவும் நெல் போட வந்து வரிசையில் நின்று டிவியைப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு அவர் நேரே அந்த வீட்டுக்குப் போய், கதவை உடைத்து, சாவித்திரியின் கையை முறித்தார்.

விலாசத்தைக் கொடுத்தது யார் என்று ஆய்வாளர் என்னை மாற்றி மாற்றிக் கேட்கிறார். யாரும் கொடுக்கவில்லை. யாரும் கேட்காமலே நாங்கள்தான் ஊருக்கே காட்டினோம். மேலாளரோ டிவி மாட்டியவர் மேல் பழி போடுகிறார். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சாவித்திரியைப் பார்த்தேன். "நெல்லு போட்டதுக்கு என் வீட்ட ஏங்க காட்டுனீங்க?" என்று கேட்டார்.

துரைராசு ஜாமீனில் வந்துவிட்டார். சாவித்திரி இப்போது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். இதை எழுதும் காவலர் அன்பரசன் அதையும் கேட்டு எழுதியிருந்தார். இதன் நகல் துரைராசுவின் வக்கீலுக்குப் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லி, முதலிலிருந்து எழுதச் சொன்னேன். சலித்துக்கொண்டே எழுதினார்.

படித்துக் காட்டக் கேட்டேன். இதில் இருப்பவை அனைத்தும் உண்மை. இல்லாத விலாசம் நான் வேண்டுமென்றே விட்டது.

(ஒப்பம்)
நிலோஃபர்