கழுவாத பிரஷ்

— இப்ப எதுவும் கேக்காதீங்கண்ணா! முதல்ல வெடி வைக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க!

— என்ன அம்மாடி இது, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு சுரங்கத்துக்கு உத்தரவு போடறே? ரெண்டாவது சைரன் ஊதியாச்சு. உள்ள ஈ காக்கா இல்லை. நீ செஞ்சு குடுத்த கம்ப்யூட்டர் பட்டியல்தான் சொல்லுது, மேல இருந்து கீழ வரைக்கும் பச்சைப் பசேல்னு இருக்கு.

— அந்தப் பச்சைதாண்ணா பொய்!

— என்னது?

— கெஞ்சிக் கேக்கறேன், நிறுத்துங்க. அப்புறம் சொல்றேன்.

— சரி சரி, கத்தாதே. வாக்கி-டாக்கியை எடுக்கறேன் இரு. வெடிக்காரரே, கேக்குதா? கொஞ்சம் பொறுங்க. நான் சொல்ற வரைக்கும் வெடிச் சாவியில கை வைக்காதீங்க.

— கேக்குது தலைவரே. மருந்து வச்சு ஒயரும் மாட்டியாச்சு, இப்பப் போய் பொறுன்னா எப்படி? பெரிய சார் என் கழுத்தைத்தான் பிடிப்பார்.

— அவர்கிட்ட நான் வாங்கிக் கட்டிக்கறேன். சாவியை விட்டுத் தள்ளியே நில்லுங்க. ம், இப்ப சொல்லு தாயே. என்ன விஷயம்?

— நீங்கதானே கேட்டீங்க, உள்ளே வெளியேன்னு எழுத்துல போட்டா கண்ணு பூக்குது, வெளிய வந்தவங்க வரியைப் பச்சையாக்கிக் குடுன்னு?

— கேட்டேன். நீயும் நேத்து போட்டுக் குடுத்தே. ஜோரா இருக்கு.

— பட்டியலை எழுதற கம்ப்யூட்டரை ஒரு பெயின்டர்னு வச்சுக்கங்கண்ணா, வரிக்கு ஒருத்தன் இல்லை. மொத்தத்துக்கும் ஒரே பெயின்டர்தான். ஒவ்வொரு வரியா எழுதிக்கிட்டே கீழ இறங்குவான். வெளிய வந்தவன் பேர் வந்தா பிரஷ்ஷைப் பச்சையில முக்குன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். அடுத்த ஆள் உள்ள இருந்தா பிரஷ்ஷைக் கழுவுன்னு சொல்லிக் குடுக்கலை.

— அப்படின்னா?

— ஒருத்தர் வெளிய வந்தாப் போதும். அவருக்குக் கீழ இருக்கற அத்தனை பேரும் பச்சை. உள்ள இருந்தாலும் பச்சை.

— அடிப் பாவி! சோதிச்சுப் பாக்காமலா குடுத்தே?

— பாத்தேன். எல்லாரும் உள்ளன்னு வச்சுப் பாத்தேன், எல்லாரும் வெளியன்னு வச்சுப் பாத்தேன். ரெண்டும் சரியா வந்துச்சு. பாதிப் பேர் உள்ள, பாதிப் பேர் வெளியன்னு வச்சுப் பாக்கத் தோணலை. இப்ப ஸ்டோர் சாமான் பட்டியலுக்கு அதே வேலையை எடுத்துப் போட்டேன், பாதியில இருந்து மொத்தமும் பச்சையா ஓடுது. உடனே உங்களுக்குப் போன் போட்டேன்.

— சரி. இப்ப நான் என்ன செய்ய?

— பேரை அழுத்தினா கீழ சின்னப் பெட்டி வருமில்ல, அதை நான் தொடவே இல்லை. சுரங்க கேட்ல யார் அட்டையைத் தட்டினாலும் அது அப்படியே காட்டும். ஒவ்வொரு பேரா அழுத்துங்க. முதல்ல என் வீட்டுக்காரரைப் பாருங்கண்ணா. உங்க மாப்பிள்ளையை.

— அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை நுழையாதுங்கறது சரியாப் போச்சு, இந்தக் கம்ப்யூட்டர் எலி எங்கயோ ஓடுது. ஆங், மாப்பிள்ளை. வெளியே. இன்னைக்கு உள்ள போகவே இல்லைன்னு காட்டுது.

— நிஜமாவா?

— பெட்டி பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்னே? வெளிய எங்கயாவது கரண்ட் ஒயர் இழுத்துக்கிட்டு இருப்பார்.

— அப்பாடா. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. மத்தவங்களையும் பாருங்க.

— துளை போடறவர், வெளியே. பம்புக்காரர், வெளியே. வெல்டர், வெளியே. அவர் தம்பி, வெளியே. லாரிக்காரங்க எல்லாரும் வெளியே.

— மெதுவா, ஒருத்தரையும் விட்டுடாதீங்க.

— விடலை தாயே. அளவு பாக்கற பொண்ணு, வெளியே. மேஸ்திரி, வெளியே. அவ்வளவுதான். ஹாஹா! கடைசியில ஒரே ஒரு ஆள் உள்ளேன்னு காட்டுது. யாருன்னு சொல்லு பாப்போம்?

— அண்ணா, விளையாடாதீங்க!

— நான்தான்! கண்ட்ரோல் ரூம்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்னைச் சுரங்கத்துக்குள்ள அனுப்பி வச்சிருக்கு உன் பெட்டி. போ, அதுவும் கோளாறு. வெடிக்காரரே, எல்லாம் சரியா இருக்கு. மூணாவது சைரன் ஊதச் சொல்லுங்க.

— ஊதறாங்க தலைவரே. சாவியைப் போட்டாச்சு. சைரன் நின்னதும் திருப்பிடறேன்.

— அண்ணா, அது கோளாறில்லை! உங்க அட்டை உள்ள போயிருக்கு, திரும்பி வரலை!

— என் அட்டைக்கு காலா முளைச்சிருக்கு? நான் உள்ள போறதே கிடையாது. அது கதவுப் பக்கம் ஆணியிலதான் எப்பவும்...

— அண்ணா? என்னாச்சு? அண்ணா!

— ஆணியில அட்டையைக் காணோம்.

— யார் எடுத்தா?

— காலையில பெரிய சார் போன்ல என்னைக் காய்ச்சிக்கிட்டு இருந்தார். ஒருத்தர் தலையை நீட்டி, வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன், இதை எடுத்துக்கட்டுமான்னார். என்னத்தைன்னு கூட காதுல வாங்காம தலையை ஆட்டினேன்.

— யாருண்ணா அது?

— வெடிக்காரரே! திருப்பாதீங்க! சாவியை உருவுங்க, உருவுங்க!

— உருவிட்டேன் தலைவரே, சாவி என் கையில இருக்கு. என்ன விளையாட்டு இது, உள்ள யார் இருக்கா?

— பட்டியல்படி நான். அம்மாடி, போனை வச்சிடாதே... உள்ள இருக்கறது நம்ம மாப்பிள்ளை.