பார்சல் சீட்டின் கடைசி வரி

இரவு ஒரு மணி. கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்கு வரும் சாலை. மழை நின்று கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆள் இல்லை, லாரிகூட இல்லை. தூரத்தில் மலைக்கோவில் விளக்கு மட்டும் சின்னதாக… ஒரு டிவிஎஸ் வண்டி வருகிறது. ஓட்டுவது முனியன். பின்னால் அவன் அக்கா மகள் மோனிகா.

"இன்னாண்ணே, வயசுப் பொண்ண அந்நேரத்துல எங்க இட்டுகினு போறாரு?" என்று ஆதிகேசவன் குறுக்கே கேட்டான்.

"மெதுவா பேசுடா. அவன் காதுல வுழுவப் போவுது" என்றேன்.

முனியன் எங்கள் டிராக்டருக்கு அடியில்தான் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தான். திருவாலங்காட்டு ஆலை வாசலில் எங்களுக்கு முன்னால் பதினேழு கரும்பு வண்டிகள். எடை போட எப்படியும் விடிந்துவிடும். சருகு கொளுத்திக் குந்தியிருந்தோம், ஐந்து பேர். குடோன் வேலையை விட்டுவிட்டு ஏன் கரும்பு ஏற்ற வந்தாய் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசி வரை நான் திருத்தணியில் வேதாசலம் முதலாளியிடம் மூட்டை தூக்கினேன். பொதட்டூர்பேட்டையில் நெய்யும் லுங்கியை வாங்கி, இன்டர்நெட்டில் கடை வைத்து விற்கிறவர். துபாய், மலேசியா வரைக்கும் பார்சல் போகும். அந்தக் கடையைக் கம்ப்யூட்டரில் கட்டிக் கொடுத்தது முனியனின் மகன் ராஜவேலு. மோனிகாவும் அவனோடு அங்கேதான் வேலை. அவளுக்கு அவன் பாவா, மாமன் மகன். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. எல்லோருக்கும் அவள் மோனிகா. அவனுக்கு மட்டும் மோனி. சண்டை போடும்போதும் மோனிதான்.

நல்ல பையன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதில். அதுவும் தமிழ் மட்டும். பார்சல் மேல் ஒட்டுகிற சீட்டு முழுக்க இங்கிலீஷாக இருக்கும். அதனால் சீட்டின் கடைசி வரியை மட்டும் எங்களுக்காகத் தமிழில் வர வைத்தான். 'நனையக் கூடாது.' 'இரண்டு பேர் தூக்கவும்.' கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் எதை எழுதினாலும் காலையில் சீட்டில் அச்சாகி வரும்.

ஆடி மாதம் ஒரு மழை இரவில், வீட்டுக்குப் போகும் வழியில் ராஜவேலு செத்துப்போனான். இதே கனகம்மாசத்திரம் சாலை. எந்த வண்டி மோதியது என்று தெரியவில்லை. வண்டியில் கட்டியிருந்த மூட்டை கிழிந்து லுங்கிகள் ரோடெல்லாம் விரிந்து கிடந்தன. புதுத்துணியின் கஞ்சி மழையில் கரைந்து… அந்த இடம் முழுக்கச் சோறு வடித்த வாடை. நான்தான் லுங்கிகளைப் பொறுக்கினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மோனிகா அவன் பெயரையும் பாஸ்வேர்டையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தாள். அன்று இரவு இரண்டு பத்துக்கு, ராஜவேலு என்ற பெயரில் யாரோ இன்டர்நெட் கடைக்குள் வந்து போயிருந்தார்கள்.

அடுத்த இரவும் இரண்டு பத்து. அதற்கடுத்த இரவும்.

ஒன்றும் திருட்டுப் போகவில்லை. நின்றுபோன ஆர்டரெல்லாம் ஒழுங்காகியிருக்கும். காலையில் என் கையில் வரும் சீட்டில், 'கனம் ஜாஸ்தி. முட்டி போட்டுத் தூக்கு' என்று இருக்கும். மோனிகா எழுதுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்…

"பேயி கம்ப்யூட்டர் கத்துக்கிச்சா?" என்று ஆதிகேசவன் சிரித்தான்.

யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மோனிகா இதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம். அப்புறம், கார்டு தேய்த்து வாங்குகிறவர்களுக்கும் கடைக்கும் நடுவில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் கடையில் ஓட்டை இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வர முடியும், வெள்ளிக்கிழமைக்குள் பேட்ச் போடாவிட்டால் கார்டை நிறுத்திவிடுவோம்.

"பேட்ச்சுன்னா டியூபுக்குப் போடுவாங்களே?"

"அதேதான்டா. ஓட்டைய அடைக்கிறது."

துபாய்க்காரன் தூங்கின பிறகு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில்தான் அதைப் போட வேண்டுமாம். "வியாழக்கிழம ராத்திரி முடிச்சிடும்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார். மோனிகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருவது திருடன் என்றால் அடைத்துத்தான் ஆக வேண்டும். பாவா என்றால்? அவன் வருகிற வழியே அந்த ஓட்டை ஒன்றுதானே?

அப்படித்தான் அன்றைக்கு மாமனும் மருமகளும் அந்த வண்டியில் வந்தார்கள். நடுவழியில் புஸ்ஸென்று பின்சக்கரம் இறங்கியது. எந்த இடத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனியன் பையில் எப்போதும் பேட்சும் சொல்யூஷனும் இருக்கும். டார்ச்சை அவளிடம் கொடுத்து, டயரைக் கழற்றி, டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்தான். உடனே அடைக்கவில்லை. டயருக்குள் விரல் விட்டு மெதுவாகச் சுற்றித் தடவினான்.

"இன்னா மாமா தேடற?"

"முள்ளு உள்ளயே நிக்கும் கண்ணு. அத்த எடுக்காம அடைச்சா, அடைச்சது வேஸ்ட்டு" என்று சொல்லி, கருவேல முள் ஒன்றை எடுத்துக் காட்டினான். காட்டினவன் மூக்கை உறிஞ்சினான். "இங்க யாரு சோறு வடிக்கறாங்க, இந்நேரத்துல?"

மோனிகா டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தாள். அவளுக்கும் வந்தது அந்த வாடை.

கடைக்கு வந்ததும் முனியன் கீழே குடோனில் லுங்கிக் கட்டுகளின் மேல் படுத்துவிட்டான். அவள் கம்ப்யூட்டர் இருக்கும் மாடிக்குப் போனாள். மின்விசிறி கர்ர்… கர்ர்… என்று சுற்றியது. கடையை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்தாள். ஏதாவது கெட்டுப்போனால் பழையபடி வைக்க அது வேண்டுமாம். 'கொஞ்ச நேரம் கடை மூடியிருக்கும்' என்று வாசலில் போர்டு மாட்டினாள், கம்ப்யூட்டருக்குள்தான். இனி ஒரு பட்டனை அமுக்கினால் பேட்ச் விழுந்துவிடும்.

அமுக்கவில்லை. காத்திருந்தாள்.

இரண்டு பத்து. உள்ளே இருப்பவர்களின் பெயர் திரையின் ஓரத்தில் தெரியும். அதில் ராஜவேலு என்று வந்தது.

சீட்டு வரிக்கான கட்டத்தில், முதல் தடவையாக, அவள் எழுதினாள். 'யாரு?'

பிறகு ஒவ்வொரு எழுத்தாக… 'மோனி.'

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம்.

'பாவா, ஓட்டைய அடைக்கச் சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?'

கஞ்சி வாடை அறைக்குள் ஏறியது. பதில் வந்தது. 'அடை.'

அடுத்ததும் உடனே வந்தது. 'சீக்கிரம் அடை மோனி. எம்பின்னால ஒருத்தரு வராரு.'

'நீ மொதல்ல வெளிய போ. அப்பறம் அடைக்கிறேன்.'

கஞ்சி வாடைக்குள்ளே இன்னொரு வாடை கலந்தது. மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே… அது. திரையின் ஓரத்தில் ராஜவேலுவுக்குக் கீழே இன்னொரு வரி திறந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அவள் பட்டனை அமுக்கிவிட்டாள்.

பேட்ச் விழுந்தது. வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஓரத்தைப் பார்த்தாள். ராஜவேலு இருந்தான். கீழே அந்தப் பெயரில்லாத வரியும் இருந்தது. இரண்டும் உள்ளேயே அடைபட்டுவிட்டன.

தடுமாறி இறங்கி வந்தாள். முனியன் அரைத்தூக்கத்தில் கேட்டான். "அடைச்சிட்டியா கண்ணு?"

"ஆங்."

"அடைக்கறதுக்கு மின்னால உள்ள கைய வுட்டுப் பாத்தியா?"

தமாஷுக்குத்தான் கேட்டான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து சீட்டுகள் வேறு மாதிரி வந்தன. முதல் நாள், 'இருட்டா இருக்குது மோனி.' அப்புறம் எல்லாப் பார்சலிலும் ஒரே வரி. 'மோனி, தொற.' நாங்கள் பார்ப்பதற்குள் அவள் கடைசி வரியைக் கிழித்து எடுத்துவிடுவாள். ஒன்றிரண்டு என் கண்ணிலும் பட்டது. கேட்டால் "பிரிண்டர் ரிப்பேரு சித்தப்பா" என்பாள். எட்டு நாளில் பாதியாக இளைத்துப்போனாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, குடோன் வாசலில் நின்று என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அவள் சொன்னதுதான்.

"இன்னிக்கி ராத்திரி பழைய நகல எடுத்து வெச்சிடப் போறேன் சித்தப்பா. ஓட்ட மறுபடியும் வந்துடும். பாவா வெளிய போயிடும். பொறவு அடைச்சிக்கிறேன்."

"அந்த இன்னொண்ணு?"

"அது எப்டியோ போவட்டும். பாவா அதுகூட இருட்டுல கெடக்குது. டெய்லி தொற தொறன்னு கெஞ்சுது. இத பாரு, இன்னிக்கி வந்தது." கையில் கசங்கிய சீட்டு இருந்தது.

வாங்கினேன். உங்களை மாதிரி சின்னதில் படித்தவர்கள் ஒரு பார்வையில் படித்துவிட்டுப் போவீர்கள். முதல் எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை மனசே படித்துவிடும். எனக்கு அப்படி வராது. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும்.

"மோ… னி…"

"ஆங், அதேதான் சித்தப்பா. குடு, நேரமாவுது."

"இரும்மா." விரல் அடுத்த எழுத்துக்குப் போனது. "கா… தொ… ற…"

அவள் கை நீட்டியபடியே நின்றாள்.

"ஏம்மா, ராஜவேலு உன்ன என்னான்னு கூப்புடுவான்?"

சீட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். 'மோனிகா, தொற.' பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து… அழுகை என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு அவள் திறக்கவில்லை. மாடியைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, முனியனோடு வீட்டுக்குப் போனாள். நாலு நாள் ஜுரம். இன்றைக்கு வரைக்கும் கடைப்பக்கம் போகவில்லை.

நெருப்பு அணைகிற மாதிரி ஆகிவிட்டது. யாரும் சருகு போடவில்லை.

"ராஜவேலு இன்னாண்ணே ஆனான்?" என்று ஆதிகேசவன் மெதுவாகக் கேட்டான்.

"தெரியாது."

"அதுக்கு நீ ஏன் வேலைய வுட்ட?"

மறுநாள் விடிகாலை குடோனைத் திறந்தது நான்தான். முதலாளி இன்னும் வரவில்லை. மேலே மாடியில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கிர்ர்… கிர்ர்… நின்றது. படியேறிப் பார்த்தேன். பூட்டு அப்படியே தொங்கியது. கதவின் அடி இடுக்கில் ஒரு சீட்டு, பாதி உள்ளே, பாதி வெளியே. இழுத்தேன். ஈரமாக இருந்தது. கிணற்று வாடை.

பார்சல் இல்லை. விலாசம் இல்லை. கடைசி வரி மட்டும்தான். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். முதல் நாலு எழுத்திலேயே விரல் நின்றுவிட்டது. அது என் பெயர்.

'பங்காரு, நீ ஏன் படிச்ச?'